வெயிலில் பிறந்த ‘கூல்’

செய்தி மொழிபெயர்ப்பாளராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒரு நாடு முன்வைத்த சமரசத் திட்டத்துக்கு அண்டை நாட்டில் ‘கூல் ரிசப்ஷன்’ கிடைத்தது என்று ஆங்கில மூலத்தில் இருந்தது. ‘குளிர்ச்சியான வரவேற்பு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் அது மூத்த ஆசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டது. “தம்பி, அவர்கள் முகம் கொடுத்தே பேசவில்லை என்றல்லவா இதற்குப் பொருள்? நீங்கள் பன்னீர் தெளித்து வரவேற்றது போல எழுதியிருக்கிறீர்களே” என்றார். ‘பாராமுகம்’ என்று திருத்தித் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றைய விளையாட்டுப் பக்கத்தில் தோனியைப் பற்றி ‘கேப்டன் கூல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அது பாராட்டு. ஒரே சொல் ஒரே நாளிதழில் ஒரு பக்கத்தில் புறக்கணிப்பாகவும் இன்னொரு பக்கத்தில் புகழ்ச்சியாகவும் நின்றது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் கவனித்து வருகிறேன்.

ஆங்கிலத்தில் ‘கூல்’ மிகப் பழைய சொல். ‘கோல்ட்’ என்பதும் இதுவும் ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. கடுங்குளிருக்குக் ‘கோல்ட்’, இதமான குளிருக்குக் ‘கூல்’ என்பது மேலோட்டமான பிரிவு. ஆனால் குளிர் மிகுந்த நாட்டில் பிறந்த மொழிக்குச் சூடுதான் சுகம். அங்கே நல்ல வரவேற்பு ‘வார்ம்’, அன்பான மனிதர் ‘வார்ம்’. கணப்படுப்பைச் சுற்றி உட்காரும் வீட்டில் வெப்பம்தான் உறவு. அந்த மொழியில் குளிர்ச்சி மனிதர் மேல் ஏற்றப்பட்டபோது, உறவின் விலகலையே பெரும்பாலும் குறித்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்தே அதற்கு மதிப்பு இருந்தது. ஆத்திரம் அடங்கிய அறிவைச் சொல்லும் இடம் அது. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ‘கூல் ரீசன்’ என்று வருகிறது. ‘ஹாம்லெட்’டில் தாய் மகனிடம், கொதிக்கும் உன் மனத்தின் மேல் குளிர்ந்த பொறுமையைத் தெளித்துக்கொள் என்கிறாள். இங்கே குளிர்ச்சி என்பது நிதானம். கவர்ச்சிக்கும் அதற்கும் இன்னும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தச் சொல் காசு பக்கம் போனது. 1749இல் வந்த ஹென்றி ஃபீல்டிங்கின் ‘டாம் ஜோன்ஸ்’ நாவலில் ஒருவன் சூதாட்டத்தில் ‘எ கூல் ஹண்ட்ரட்’ தோற்றேன் என்று சொல்லி மேசையை விட்டு எழுகிறான். ‘முழுசாக நூறு’ என்று நாம் அழுத்திச் சொல்வது போல. ஏறத்தாழ நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில், கொல்லன் ஜோ ஒருவருக்குக் கிடைத்த சொத்தை ‘கூல் ஃபோர் தவுசண்ட்’ என்று சொல்கிறான். கதை சொல்லும் பிப் அங்கே நின்று யோசிக்கிறான்: நாலாயிரம் பவுண்டுக்கு இந்த வெப்பநிலையை ஜோ எங்கிருந்து பிடித்தான் என்று தெரியவில்லை, ஆனால் குளிர்ந்த பணம் என்று சொன்னால் அவனுக்குத் தொகை கூடிவிட்டது போல இருக்கிறது என்று. ஒரு சொல் பொருள் மாறுவதை அதைப் பேசுகிறவனின் முகத்திலேயே படித்துக் காட்டுகிறார் டிக்கன்ஸ். எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு வழக்கு இருந்தது. 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் அதிபரானால் ஒன்றியத்தை உடைப்போம், உடைத்த குற்றமும் உங்களையே சேரும் என்று தென்மாநிலத்தார் மிரட்டிக்கொண்டிருந்த நேரம். அவர்களின் வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, லிங்கன் மூன்றே சொற்களில் பதில் சொன்னார்: ‘தட் இஸ் கூல்.’ இன்றைக்கு அந்த வரியை மட்டும் படிக்கும் ஓர் இளைஞர், லிங்கன் எதையோ மெச்சுகிறார் என்றே நினைப்பார். அடுத்த வரியைப் படித்தால் சங்கதி விளங்கும். வழிப்பறிக்காரன் ஒருவன் காதருகே துப்பாக்கியை வைத்து, ‘காசைக் கொடு, இல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன், அப்புறம் நீதான் கொலைகாரன் ஆவாய்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போல இருக்கிறது என்றார் லிங்கன். ‘என்ன நெஞ்சழுத்தம்!’ என்பதுதான் அந்தக் ‘கூல்’. செய்வது அநியாயம், ஆனால் முகத்தில் சலனமே இல்லை. அந்தச் சலனமின்மையைத்தான் சொல் பிடித்துக்கொள்கிறது.

கவனித்தால், பொறுமைக்காரன், நெஞ்சழுத்தக்காரன், இன்றைய ‘கூல்’ மனிதன் ஆகிய மூவருக்கும் இந்தச் சலனமற்ற முகம் பொது. அதைப் பழியிலிருந்து பாராட்டுக்கு நகர்த்தியவர்கள் யார்? லண்டன் கனவான்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள்தான் அதைச் செய்தார்கள். இன்று உலகமே கூசாமல் பயன்படுத்தும் பாராட்டு அவர்கள் வாயில் விளைந்தது. இதை ஒவ்வொரு பள்ளி ஆங்கிலப் பாடத்திலும் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

எழுத்தில் கிடைக்கும் நல்ல ஆரம்பச் சான்று 1933இல் இருக்கிறது. ஸோரா நீல் ஹர்ஸ்டன், ஃபுளோரிடா மாநிலத்தில் கறுப்பின மக்களே நிறுவிய ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். மானுடவியல் படித்தவர். ஊர்க் கடை வாசலில் உட்கார்ந்து மக்கள் பேசும் பேச்சை அப்படியே காதில் வாங்கி எழுதியவர். ‘தி கில்டட் சிக்ஸ்-பிட்ஸ்’ என்ற அவருடைய சிறுகதையில் ஜோ என்ற தொழிலாளி, ஊருக்குப் புதிதாக வந்த ஸ்லெமன்ஸ் என்ற பகட்டுக்காரனைப் பற்றித் தன் மனைவியிடம் வியந்து பேசுகிறான். அவன் உடை என்ன, நடை என்ன! அதைவிட ‘கூல்’ எதுவென்றால் அவனிடம் பணம் சேர்ந்து கிடக்கிறது என்கிறான். ஸ்லெமன்ஸ் உடம்பில் மின்னும் தங்கக் காசுகள் வெறும் முலாம் பூசிய சில்லறை என்பது பின்னால் தெரிகிறது. ஜோவின் வியப்பில் ஏக்கமும் கலந்திருக்கிறது. டிக்கன்ஸின் ஜோவுக்கும் ஹர்ஸ்டனின் ஜோவுக்கும் இடையில் கடல் இருக்கிறது, எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. இருவரும் அதே சொல்லைப் பணத்தின் அருகே வைத்து வாய் இனிக்கச் சொல்கிறார்கள்.

அடுத்து அது இசைக்கலைஞர்களிடம் போகிறது. 1920களில் ஜாஸ் இசையைப் புகழும் சொல் ‘ஹாட்’. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925இல் சிகாகோவில் இசைத்தட்டுப் பதிவுக்காகச் சேர்த்த குழுவுக்கு ‘ஹாட் ஃபைவ்’ என்று பெயர். சூடு, வேகம், வியர்வை. சாக்ஸஃபோனில் கோல்மன் ஹாக்கின்ஸ் போன்றவர்களின் கனத்த, அதிரும் நாதம்தான் அன்றைய அளவுகோல். கவுண்ட் பேசி என்பவரின் ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்து 1936இலிருந்து இசைத்தட்டுகளில் ஒலிக்கத் தொடங்கிய லெஸ்டர் யங், அந்த அளவுகோலுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மெல்லிய நாதம். தாளத்தைத் துரத்தாமல் அதன் பின்னால் சாவகாசமாக நடந்துவரும் வாசிப்பு. ‘கூல்’ என்ற சொல்லை இசைக்கலைஞர்கள் நடுவே பரவவிட்டவர் அவர்தான் என்று ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

1944இல் எடுத்த ‘ஜாமின் தி புளூஸ்’ என்ற குறும்படம் கிடைத்தால் அதன் முதல் நிமிடத்தையாவது பாருங்கள். திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். என்னவென்று தெரியாது. புகை மெல்ல எழுகிறது. வட்டங்கள் சாய்கின்றன, அது ஒரு தட்டையான தொப்பியின் மேற்பகுதி என்று அப்போதுதான் புரிகிறது. தொப்பிக்குக் கீழே லெஸ்டர் யங்கின் முகம். வாசிக்கத் தொடங்குகிறார். புருவம் உயரவில்லை, கன்னம் துடிக்கவில்லை. உள்ளே இருப்பது முழுவதும் நாதத்தின் வழியே மட்டும் வெளியேறுகிறது.

அதே ஆண்டு அவரை ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். 1945 தொடக்கத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. தென்மாநிலமான ஜார்ஜியாவில் தடுப்புக்காவலில் மாதக்கணக்கில் கிடந்தார். அங்கே பட்டதிலிருந்து அவர் முழுவதுமாக மீளவே இல்லை என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். 1959இல், ஐம்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

இந்த வாழ்க்கையை அறியாமல் அந்தச் சொல்லின் எடை தெரியாது. நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த நாட்டில் ஒரு கறுப்பின ஆண் கோபத்தை வெளியே காட்டினால் உயிருக்கே ஆபத்து. சிரித்துப் பணிந்தால் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே இடம் சலனமற்ற முகம். ‘நீ என்ன செய்தாலும் என் உள்ளுக்குள் உன்னால் நுழைய முடியாது’ என்ற முகம். அப்படி நிற்கத் தெரிந்தவனை அவன் மக்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதலுக்குப் பெயர்தான் ‘கூல்’.

ட்ரம்பெட் வாசித்த ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒன்பது பேர் கொண்ட குழுவுடன் 1949, 1950 ஆண்டுகளில் பதிவு செய்த இசை, 1957இல் ‘பர்த் ஆஃப் தி கூல்’ என்ற பெயரில் தொகுப்பாக வந்தது. சொல் மேடை ஏறிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1959 ஆகஸ்டில், நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப் வாசலில் நின்ற அதே மைல்ஸ் டேவிஸைக் காவலர்கள் மண்டை உடைய அடித்தார்கள். அன்றிரவு அந்தக் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். வாசலை விட்டு நகரச் சொன்னபோது நகரவில்லை என்பதில் தொடங்கியது. சட்டை முழுவதும் ரத்தத்துடன் நிற்கும் அவருடைய புகைப்படம் இருக்கிறது. சட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தால், ‘கூல்’ என்ற சொல்லுக்கு அகராதியே தேவையில்லை.

இதற்கு இன்னும் ஆழமான வேர் உண்டு என்று சொன்னவர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் என்ற யேல் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாசிரியர். 1973இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மேற்கு ஆப்பிரிக்க மக்களிடம் குளிர்ச்சி ஒரு பேரறமாக இருப்பதைக் காட்டியது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அதை ‘இட்டூட்டூ’ என்கிறார்கள். சிற்பங்களில் அமைதி ததும்பும் முகம், மூடிய உதடுகள், தெய்வத்தின் முன் ஊற்றும் தண்ணீர் எல்லாம் அதன் வெளிப்பாடு. அவசரப்படாமை மட்டும் அதன் பொருள் இல்லை. ஈகை, இணக்கம், சண்டையை ஆற்றும் குணம் ஆகியவையும் சேர்ந்ததே இட்டூட்டூ. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் இந்த எண்ணத்தையும் சுமந்து வந்தார்கள், அது ஆங்கிலச் சொல்லுக்குள் குடியேறியது என்பது தாம்சனின் வாதம். சொல்லுக்குச் சொல் ரசீது காட்டக்கூடிய வாதம் இல்லைதான். ஆனாலும் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. காரணம் நம் தமிழ்.

வெயில் நாட்டு மொழி எதுவானாலும் குளிர்ச்சியைத்தான் புகழும். நாம் கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிரப் பேசுகிறோம், பெற்ற வயிறு குளிர்ந்தது என்கிறோம். ஒருவரை வீண் புகழ்ச்சியால் மயக்குவதைக்கூட ‘ஐஸ் வைப்பது’ என்றுதான் சொல்கிறோம். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழும் வேப்பிலையும் நீரும் படைத்துக் குளிர்விக்கிறோம். கருணைக்குத் ‘தண்ணளி’ என்று பெயர் வைத்த மொழி இது. அந்தணர் என்போர் அறவோர், எவ்வுயிர்க்கும் செந்தண்மை பூண்டு ஒழுகுவதால் என்கிறது முப்பதாம் குறள். அந்தணர் என்ற பெயருக்கே அழகிய தட்பம் உடையவர் என்று பொருள் சொல்கிறார் பரிமேலழகர். சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட அப்பர், வீசு தென்றலும் வண்டறை பொய்கையும் போன்றது ஈசன் இணையடி நிழல் என்று பாடியதாக நம் மரபு நினைவு வைத்திருக்கிறது. வெந்து சாக வேண்டிய இடத்தில் குளிர்ந்திருத்தல் என்பதை யொரூபா நாட்டுக்காரரோ லெஸ்டர் யங்கோ கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் இடறுவது அங்கேதான். நம் குளிர்ச்சி கொடுக்கப்படுவது. ஒருவரின் செயலால் இன்னொருவரின் கண்ணும் வயிறும் மனமும் குளிர்கின்றன. செந்தண்மை எவ்வுயிர்க்கும் போய்ச் சேர்வது. ஆங்கில ‘கூல்’ தன்னைக் காத்துக்கொள்ளும் குளிர்ச்சி. அது வெளியே பாய்வதில்லை, உள்ளேயே நிற்கிறது. பார்ப்பவர் அதை எட்ட முடியாததால்தான் அதற்குக் கவர்ச்சி வருகிறது. அதனால் ‘கூலான மனிதர்’ என்பதைத் ‘தண்மையானவர்’ என்று மொழிபெயர்த்தால் சொல் சரியாக இருக்கும், ஆள் மாறிவிடுவார்.

பிறகு நடந்தது வேகமான பரவல். ஜாஸ் கேட்ட வெள்ளை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1957இல் பிராட்வே மேடை ஏறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசை நாடகத்தில் இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட பாடல் இருந்தது. விளம்பரக்காரர்கள் விட்டு வைப்பார்களா? எழுபதாண்டுகளில் இதே போலப் பாராட்டப் பயன்பட்ட ‘ஸ்வெல்’ போயிற்று, ‘க்ரூவி’ போயிற்று, கூல் மட்டும் முதுமை தட்டாமல் நிற்கிறது. ஜப்பான் அரசு 2005இல் கோடைக்காலத்தில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைத்து, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்த இயக்கத்துக்குக் ‘கூல் பிஸ்’ என்று பெயர், ‘பிஸ்’ என்பது ‘பிசினஸ்’ என்பதன் சுருக்கம். வெப்பநிலையும் மிடுக்கும் ஒரே சொல்லில் சேர்ந்துகொண்டன. ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லுக்குத் தங்கள் இலக்கணப்படி வேற்றுமை உருபே சேர்க்கிறார்கள்.

நம்மிடம் அது முதலில் வந்தது பாராட்டாக இல்லை. கடைத்தெருவில் ரோஸ்மில்க்கும் பன்னீர் சோடாவும் விற்கும் ‘கூல் பார்’ பலகையாகவும், விருந்தினருக்கு வாங்கிவரும் ‘கூல் டிரிங்க்ஸ்’ ஆகவும்தான் வந்தது. பாராட்டுப் பொருளை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் கிரிக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2007 இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரை அனுபவம் குறைந்த ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்துவிட்டு விக்கெட்டுக்குப் பின்னால் நின்றாரே, அந்த முகம். பின்னர் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கம் பார்த்த முகமும் அதுவே. அந்தப் பட்டப்பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய தோனி விண்ணப்பித்த செய்தி 2025இல் வந்தது. ஹர்ஸ்டனின் ஜோ பணத்தோடு சேர்த்துச் சொன்ன சொல் மறுபடியும் பணத்தருகே வந்திருக்கிறது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது இதுதான்: சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ஒருவர் மற்றவரிடம் கூலாக இருந்தார் என்று ‘டுவர்ட்ஸ்’ சேர்ந்து வந்தால் அது விலகல். ‘வித்’ சேர்ந்து, ‘ஐ ஆம் கூல் வித் இட்’ என்றால் எனக்கு மறுப்பில்லை என்று பொருள். சண்டைக்குப் பிறகு ‘ஆர் வீ கூல்?’ என்று கேட்டால் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லையே என்று கேட்கிறார்கள். ஒரு தகவலைச் சொன்னதும் எதிராளி ‘கூல்’ என்று மட்டும் சொன்னால் அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சரி’ என்கிறார், அவ்வளவுதான். வேலைக்கான விண்ணப்பத்திலும் இரங்கல் கடிதத்திலும் இந்தச் சொல் வரக்கூடாது. ஆள் மேல் ஏற்றிச் சொல்லும்போதுதான் பழைய எடை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்த எடையைத் தமிழில் தாங்கும் சொற்கள் இருக்கின்றன. நெருக்கடியில் நிற்பவரானால் ‘அலட்டிக்கொள்ளாதவர்’. வயதும் கண்ணியமும் சேர்ந்தவரானால் ‘அமரிக்கையானவர்’. பழைய சொல்தான், என் பாட்டி நல்ல மருமகளைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்துவார். உடையிலும் நடையிலும் தெரிவதானால் ‘மிடுக்கு’.

போன ஆண்டு ஹர்ஸ்டனின் அந்தச் சிறுகதையைத் தமிழாக்க உட்கார்ந்தபோது ஜோவின் அந்த ஒரு வரியில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். ‘கூல்’ என்றே விட்டுவிடலாம். 1933இல் ஈட்டன்வில்லில் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளி, இன்றைய கல்லூரி மாணவர் போலப் பேசுவார். ‘சிறப்பு’ என்றால் அவர் மேடையில் பேசுவது போல ஆகிவிடும். ‘அமரிக்கை’ ஸ்லெமன்ஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவனிடம் இருப்பது முலாம். கடைசியில் வரியை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து இப்படி எழுதினேன்: “அதிலும் மிடுக்கு என்னவென்றால், கையில் காசும் சேர்த்து வைத்திருக்கிறான்.”